தலைமுடிச் சோதனை

பெண் கைதிகளைச் சோதனை செய்யும்போது தலைமுடியையும் பார்க்க வேண்டும். பின்னலை அவிழ்த்து, விரல்களை உள்ளே விட்டு, நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை தடவிக்கொண்டே வர வேண்டும். முடிக்குள் எதையும் வைக்கலாம். மாத்திரை எடுத்திருக்கிறேன், பிளேடுத் துண்டு எடுத்திருக்கிறேன், சுருட்டிய காகிதம் எடுத்திருக்கிறேன். ஒரு தலைக்கு இரண்டு நிமிடம் ஆகும். பிறகு அவர்களே பின்னிக்கொள்வார்கள். நாங்கள் அடுத்த தலைக்குப் போவோம்.

நான் வார்டர். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு இந்த வேலை கிடைத்தது. சேர்ந்தேன், இன்னும் இருக்கிறேன். ஜொகூரில் எந்தச் சிறை என்று எழுத வேண்டியதில்லை.

சோதனைக்குத் தவிர கைதியைத் தொடக் கூடாது. அழுதாலும் தொடக் கூடாது. முதுகில் தட்டிக் கொடுக்கக் கூடாது. எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. நான் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்த அந்தப் பெண் சிறைக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயது இருக்கும். கோத்தா திங்கி பக்கம், செம்பனைத் தோட்டத்து வீடு. வீட்டில் போதைப்பொருள் பொட்டலங்கள் பிடிபட்டன. புருஷன் ஓடிவிட்டான். அவள் மாட்டினாள். ஒரே பெண் குழந்தை. குழந்தையை அவளுடைய அக்கா வைத்திருந்தார். வந்த முதல் மாதமே உடைந்த பிளாஸ்டிக் கரண்டியால் தன் கையைக் கிழித்துக்கொண்டாள். அதனால் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருப்பவளை ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் சோதிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை கவுன்சலரிடம் அழைத்துப் போக வேண்டும்.

கவுன்சலர் மலாய்ப் பெண். சின்ன வயது. படித்து முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு மலாய் கொஞ்சம் தெரியும். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத் தெரியும். மனதில் இருப்பதைச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. அதனால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அந்தப் பிரிவில் தமிழ் பேசும் வார்டர்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை.

முதல் நாள் கவுன்சலர் என்னிடம் சொன்னார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். கா என்றால் மலாயில் அக்கா.

"இந்த அறைக்குள்ள நீங்க வார்டர் இல்ல கா. வாய் மட்டும்தான். இங்க பேசுறது வெளிய போகக் கூடாது. யாராச்சும் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்லலாம்."

நான் சரி என்றேன். நான் கிறிஸ்தவள். பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவள். சொன்னது சொன்ன இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியும். ஆனால் ஃபாதர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்காது. என் இடுப்பில் தொங்கியது. சீருடையும் போட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து எப்படி வாய் மட்டும் என்று நினைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளும் நினைக்கவில்லை. முதல் மூன்று வாரம் பேசவே இல்லை. கவுன்சலர் மலாயில் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். அவள் தரையைப் பார்ப்பாள். நான் மலாயில் "பதில் இல்லை" என்பேன். கவுன்சலருக்கே அது தெரியும். இருந்தாலும் சொல்வேன். மொழிபெயர்க்க வந்தவள் எதையாவது சொல்ல வேண்டுமே.

நான்காவது வாரம் அவளுடைய கைப்புண் சீழ் வைத்துவிட்டது. மருந்து போட்டுக் கட்டியிருந்தார்கள். கவுன்சலர் அறை வாசலில் வழக்கம்போல் பின்னலை அவிழ்த்துச் சோதித்தேன். திரும்பப் பின்ன அவளால் கையைத் தூக்க முடியவில்லை. முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அவளை உள்ளே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்று பின்னினேன். கையுறையைக் கழற்றிவிட்டேன். கையுறையோடு பின்னினால் முடி வழுக்கும். அதனால்தான் கழற்றினேன் என்று நினைக்கிறேன்.

பாதிப் பின்னலில் அவள் பேசினாள்.

"பாப்பாவுக்கும் இதே முடிதான்க்கா. சீப்பு ஒடையும்."

நான் பின்னிக்கொண்டே இருந்தேன்.

"இப்ப யாரு பின்னி விடுறாங்கன்னு தெரியல. எங்கக்காவுக்குக் கை நடுங்கும். வெட்டி விட்ருப்பாங்களோ என்னவோ."

அவள் மற்ற வார்டர்கள் எதிரில் என்னை மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்றது அன்றைக்குத்தான். அவள் பேசியதை நான் கவுன்சலருக்கு மலாயில் சொன்னேன். கவுன்சலர் பேனாவை வைத்துவிட்டு, நிறுத்தாதீர்கள் என்று கையால் காட்டினார். பின்னல் முடிந்ததும் அவள் பேச்சும் முடிந்தது. கவுன்சலர் யோசித்தார். பிறகு, "அவிழ்த்துட்டு மறுபடி பின்னுங்க" என்றார். நான் அவிழ்த்தேன்.

அடுத்த வாரத்துக்குள் கவுன்சலர் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டார். வார்டர் கைதியின் தலையைப் பின்ன அனுமதி வேண்டும் என்று. மேலதிகாரி ஐம்பது தாண்டியவர், அவரும் பெண். எங்களைவிட அதிகம் பார்த்தவர். என்னைக் கூப்பிட்டார்.

"தொடக் கூடாதுன்னு விதி. சோதனைக்குத் தொடலாம்னும் விதி. அறைக்குள்ள நீ பண்றது சோதனை. அப்படித்தான் எழுதிக்கிறேன். பின்னுறதோட சோதிக்கவும் செய்யணும். ஒரு கைக்கு ரெண்டு வேலை. ஒரு வேலை தவறினா உன்னத்தான் கேப்பேன்."

"சரி, புவான்."

அப்படித்தான் அது நடக்க ஆரம்பித்தது. வாரம் ஒரு தடவை. மற்ற கைதிகளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. வரிசையில் நிற்கும்போது கிண்டல் செய்வார்கள்.

"புவான், எனக்கும் ஒரு பின்னல் போட்டு விடுங்க. மல்லிப்பூ நான் கொண்டாறேன்."

"எங்கேர்ந்து கொண்டாறே, செல்லு உள்ள செடி வச்சிருக்கியா?" என்பாள் பக்கத்தில் நிற்பவள்.

என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரியும் விடவில்லை. "அலமாக், சலூன் தொறந்துட்டியா? என் தலைக்கும் சாயம் பூசி விடு" என்றாள். அவளே சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பெண் பேசியது எல்லாம் பெரும்பாலும் குழந்தையைப் பற்றித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசியில் பேசும் சந்திப்புக்கு அவளுடைய அக்கா குழந்தையை ஒரு தடவை அழைத்து வந்திருந்தார். குழந்தை தொலைபேசியை எடுக்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகுதான் இவள் கையைக் கிழித்துக்கொண்டது.

தீபாவளிக்கு ஒரு திறந்த சந்திப்பு உண்டு. கண்ணாடி இருக்காது. ஒரே மேசையில் உட்காரலாம், தொடலாம். அதற்கு முந்திய மூன்று மாதம் பெயரில் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"பாப்பா தலைய ஒரு தடவ பின்னணும்க்கா. வேற ஒண்ணும் வேணாம். பின்னி விட்டா பேசுவா. என்னை மாதிரிதான் அவ."

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. குற்றம் எதுவும் இல்லை. பட்டியலிலிருந்துகூட எடுத்துவிடலாம் என்று பேச்சு இருந்தது. அவளைக் காலையில் தையல் பட்டறைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். துணியில் மணி கோக்கும் வேலை. ஊசிகளை ஒரு பலகையில் குத்தி வைத்திருப்பார்கள். காலையில் எண்ணிக் கொடுப்பார்கள், நண்பகலில் எண்ணி வாங்குவார்கள்.

அன்றைக்கு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நான் பட்டறைக்குப் போய் அவளைக் கவுன்சலர் அறைக்கு அழைத்து வந்தேன். பட்டறை வாசலில் உடம்பைச் சோதித்தேன். முடியை அவிழ்க்கவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அறைக்குள் அவிழ்க்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அறைக்குள் பின்ன ஆரம்பித்தேன். பாதியில் அவள் தானே சொன்னாள்.

"பாப்பா பின்னல்ல வெச்சு அனுப்புனேன்க்கா."

"என்னத்த?"

"பொட்டலத்த. சின்னது. அவரு மடிச்சுத் தருவாரு. நான் உள்ள வெச்சு இறுக்கிப் பின்னிடுவேன். ரொட்டி வாங்கிட்டு வான்னு கடைக்கு அனுப்புவேன். கடையில ஒருத்தி அவுத்து எடுத்துட்டு மறுபடி கட்டி விடுவா. போலீஸ்காரங்க சின்னப் பிள்ள தலையப் பாக்க மாட்டாங்கல்ல."

என் கை நின்றது. கவுன்சலர் என்ன என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன். அந்த வார்த்தைகளை என் வாயால் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வாய் மட்டும் என்றாலும் வாய் என்னுடையதுதானே.

கவுன்சலர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "குழந்தைக்குத் தெரியுமா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தெரியாது. அவளுக்கு ஏழு வயசு அப்ப. பின்னுறப்ப தூங்குற மாதிரி கண்ண மூடிக்குவா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் அழவில்லை. நான் மீதியைப் பின்னி முடித்தேன். ரப்பர் பேண்டு போட்டேன். நான் பின்னியதுதான் வெளியே போகும் சோதனையும். அவளைச் செல்லுக்கு அனுப்பிய பிறகு கவுன்சலர் என்னிடம் சொன்னார்.

"இது பழசு. தண்டனையும் அனுபவிக்கிறா. இதுல யாரு உயிருக்கும் ஆபத்து இல்ல. இந்த அறையிலேயே இருக்கட்டும். இத்தன மாசத்துல இன்னிக்குத்தான் கா அவ கதவத் தொறந்திருக்கா."

நான் சரி என்றேன்.

நண்பகலில் பட்டறையில் ஓர் ஊசி குறைந்தது.

மூன்று தடவை எண்ணினார்கள். பெண்கள் எல்லோரையும் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இடையில் வெளியே போனது யார் என்று கேட்டார்கள். ஒரே ஒருத்திதான். அழைத்துப் போனது நான்.

மலாய்க்காரியும் நானும் அவளுடைய செல்லுக்குப் போனோம். அவள் எழுந்து நின்றாள். ஊசி எங்கே என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

"நீங்கதானே பின்னுனீங்க. உங்க கைக்குத் தெரியாதா?"

மலாய்க்காரிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். "தெரியலியாம்" என்றேன்.

திரும்பி நிற்கச் சொல்லி அவிழ்த்தேன். பாதிப் பின்னலில், மூன்று பிரிவில் ஒரு காலோடு ஒட்டி நேராக இருந்தது ஊசி. வெளியே துருத்தவில்லை. கோணலாகவும் இல்லை. முடியோடு முடியாக என் கையே வைத்துப் பின்னியது போல் இருந்தது.

இப்போதும் அதை யோசிக்கிறேன். அவள் பட்டறையிலேயே முடிக்குள் செருகியிருந்தால், அறைக்குள் அவிழ்த்தபோது என் விரலில் பட்டிருக்க வேண்டும். பின்னும்போது ஒரு காலை முன்னால் பிடித்துக்கொள் என்று அவளிடம் கொடுப்பேன். அப்போது செருகினாளா? பொட்டலம் பற்றிச் சொன்னபோது என் கை நின்றதே, அப்போதா? என் விரலில் ஏதோ பட்டது போலவும் இருக்கிறது. படாதது போலவும் இருக்கிறது. இத்தனை வருடம் தலை தடவிய விரல். ஒரு ஊசி பட்டதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எதற்கு எடுத்தாய் என்று அவளிடம் கேட்டோம். முதலில் தெரியாது என்றாள். பிறகு, பாப்பாவுக்குத் துணியில் மணி கோத்துத் தரலாம் என்று எடுத்ததாகச் சொன்னாள். கவுன்சலர் வந்து கேட்டபோது வேறு சொன்னாள்.

"வெச்சிருந்தா நல்லாருந்துச்சு. அதச் சொல்றப்ப ஊசி பக்கத்துல இருந்துச்சு. ஆனா குத்திக்கல. பாருங்க, எங்கயும் குத்திக்கல."

கையை நீட்டிக் காட்டினாள்.

மேலதிகாரி அறையில் கவுன்சலர் நின்றுகொண்டே பேசினார். நான் கதவோரம் நின்றேன்.

"ஒரு மணி நேரம் ஊசி அவகிட்ட இருந்துச்சு, புவான். இருக்கறதுலயே கஷ்டமானத அன்னிக்குத்தான் பேசினா. அப்பவும் தன்ன ஒண்ணும் பண்ணிக்கல. இது குற்றம் இல்ல. இதத்தான் நாம இத்தன மாசமா எதிர்பார்த்தோம்."

"என்னத்தப் பேசினா?"

"அதச் சொல்ல முடியாது."

மேலதிகாரி தலையாட்டினார். அதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை.

"இன்னிக்கு குத்திக்கல. நாளைக்கு குத்திக்கிட்டா? இல்ல, பக்கத்துல படுத்திருக்கிறவள குத்திட்டா? அந்தக் குழந்தைக்கு யாரு போய்ச் சொல்றது? நீயா?"

மேலதிகாரி சொன்னதும் சரியாக இருந்தது. கவுன்சலர் சொன்னதும் சரியாக இருந்தது. நான் ஒருவர் வாயைப் பார்த்தேன், பிறகு மற்றவர் வாயைப் பார்த்தேன்.

"நீ அறிக்கை எழுதிக் குடு" என்றார் மேலதிகாரி என்னிடம்.

எனக்கு அறிக்கை எழுதுவது கஷ்டம். மலாயில் எழுத வேண்டும். மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள். நான் மூன்று வரி எழுதினேன். பட்டறை வாசலில் முடியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அறைக்குள் நான் பின்னினேன். நான் பின்னிய பின்னலில் ஊசி இருந்தது.

மேலதிகாரி படித்தார்.

"அவ ஒளிச்சு வெச்சான்னு எழுதலியே."

"பாக்கலியே, புவான்."

அறிக்கையைக் கோப்பில் வைத்தார். ஒளித்தாள் என்று எழுதியிருந்தால் சந்திப்பு போய்விடும். அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அப்படி எழுதினேனா, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று எழுதினேனா? எழுதும்போது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுக்குப் பட்டறை நிறுத்தப்பட்டது. சந்திப்பைத் தரலாம் என்றார் மேலதிகாரி. ஆனால் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒளிக்க இடம் இருக்கக் கூடாது. அவள் சம்மதம் இல்லாமல் வெட்ட முடியாது, அதனால் கேட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னார்.

கவுன்சலர் என்னிடம் வந்தார். "வெட்டிட்டா அவ மறுபடி பேச மாட்டா. உங்களுக்கே தெரியும் கா. வேணாம்னு சொல்லச் சொல்லுங்க. சந்திப்புக்கு நான் வேற வழி பாக்குறேன்."

வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொன்னேன். மேலதிகாரி சொன்னதையும் சொன்னேன், கவுன்சலர் சொன்னதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"வெட்டுனா பாப்பாவ தொடலாமா?"

"தொடலாம்."

"அப்ப வெட்டுங்க. இதுல என்ன யோசிக்கறதுக்கு இருக்கு."

நான்தான் வெட்டினேன். முனை மழுங்கிய கத்தரிக்கோல். அடர்த்தியான முடி, மூன்று தடவை வைத்து வெட்ட வேண்டியிருந்தது. கீழே விழுந்ததை அள்ளிக் கறுப்புப் பையில் போடும் முன் விரல் விட்டுப் பார்த்தேன். அது பழக்கம்.

"வெட்டுனதையும் சோதிக்கணுமாக்கா?"

"சோதிக்கணும்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

அடுத்த வாரம் அறை வாசலில் அவள் தலையைச் சோதிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் பின்னால் போய் நின்றேன். பின்ன ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கவுன்சலர் கேட்டார். நான் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "பதில் இல்லை" என்றேன். கவுன்சலர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான்.

தீபாவளி சந்திப்பு வந்தது. இந்து வார்டர்கள் விடுமுறை கேட்டிருந்தார்கள். அதனால் நான் கூடத்தில் நின்றேன். மேசைக்கு மேசை குடும்பங்கள். ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. சிறைக் கேன்டீனில் வாங்கிய முறுக்கை யாரோ எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். வாங்கக் கூடாது.

அவளுடைய அக்கா குழந்தையோடு வந்தார். மஞ்சள் பாவாடை. முடியை வெட்டவில்லை. அவிழ்ந்த மாதிரி ஒரு குதிரைவால் போட்டிருந்தது. குழந்தை அம்மாவின் தலையைப் பார்த்தது.

"யாரும்மா வெட்டுனது?"

"சூடா இருந்துச்சுல்ல. அதான். நல்லாருக்கா?"

"பையன் மாதிரி இருக்கு."

"அப்ப என்ன அப்பான்னு கூப்பிடு."

குழந்தை சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவள் அதைத் திருப்பி உட்கார வைத்து முடியைப் பிரித்தாள். சீப்பு கொடுக்க முடியாது, விரலாலேயே வாரினாள். மூன்று கால் இல்லை, நாலு கால் பின்னல் போட்டாள். எனக்கு அது போடத் தெரியாது. ஒரு காலின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று, கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னப் பின்னக் குழந்தை பேசியது. பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுப் பூனை, மழை வந்து ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது. அவள் ம்ம் ம்ம் என்றுகொண்டே இருந்தாள்.

நான் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

ஒரு தடவை அவள் கை சட்டைக் கழுத்துக்குப் போய் வந்தது. புதிதாக முடி வெட்டினால் கழுத்து அரிக்கும். அரித்திருக்கலாம். கை மறுபடி பின்னலுக்குப் போனது.

சந்திப்பு முடிந்ததும் தாயைச் சோதிக்க வேண்டும். அது உத்தரவு. வந்தவர்களைச் சந்தேகம் இருந்தால் மட்டும் சோதிக்கலாம். சந்தேகம் இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது கவுன்சலர் அறையில் தெரிந்தது. கூடத்தில் இருந்த வேறு யாருக்கும் அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு தாய் பிள்ளைக்குத் தலை பின்னினாள் என்பதுதான். புருஷன் இன்னும் பிடிபடவில்லை. ஒரு துண்டுக் காகிதம் வெளியே போனால் போதும். போனால், ஊசிக்கு அடுத்து இதுவும் என் கண் முன்னால் நடந்ததாக இருக்கும்.

மலாய்க்காரி தாயை உள்ளே அழைத்துப் போனாள். தாய் குழந்தையைத் திரும்பிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனாள். நான் வெளிவாசல் அறையில் அக்காவையும் குழந்தையையும் நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம்ங்க. பாப்பா தலைய பாக்கணும்."

"என்னாது? பச்சப் பிள்ள தலையவா?" என்றார் அக்கா. "அவங்கம்மா இப்பத்தானே பின்னி விட்டா. ஆசையா பின்னிட்டுப் போறா. அத அவுக்கணும்னு சொல்றீங்களே, உங்களுக்குப் பிள்ள இல்லியா?"

"இருக்காங்க."

அக்கா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் குழந்தை திரும்பி நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை. முதுகை எனக்குக் காட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து, இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. ஆடாமல் நின்றது. பழக்கப்பட்ட பிள்ளை நிற்கிற மாதிரி நின்றது.

அக்காவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நான் ரப்பர் பேண்டை எடுத்தேன். நாலு காலையும் பிரித்தேன். விரலை விட்டு நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை பார்த்தேன். மெதுவாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"முடிஞ்சுதா ஆன்ட்டி?"

"முடிஞ்சுது."

மூன்று கால் பின்னல் போட்டுவிட்டேன். குழந்தை கையைப் பின்னால் கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தது.

"இது வேற மாதிரி இருக்கு."

"எனக்கு இதான்மா வரும்."

"பரவால்ல."

அக்கா என்னைப் பார்க்காமல் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கார் நிறுத்தும் இடம் வரை குழந்தை பின்னலைத் தொட்டுக்கொண்டே போனது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தெரியும் என்று கவுன்சலரிடம் சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் அதைச் சொன்னால், நான் பின்னலை அவிழ்த்ததைச் சொல்ல வேண்டும். அவிழ்த்ததைச் சொன்னால், அறையில் கேட்டதை வைத்து வெளியே வேலை செய்தேன் என்று ஆகும். மேலதிகாரியிடம் சொன்னால் நல்ல வேலை செய்தாய் என்பார். என்ன சந்தேகத்தில் அவிழ்த்தாய் என்றும் கேட்பார். இரண்டு பக்கமும் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் தப்பு செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அவளைக் கவுன்சலர் அறைக்கு அழைத்துப் போனேன். வாசலில் அவள் தலையில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். கவுன்சலர் தீபாவளி எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அவள் கவுன்சலரைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அவ வெளிய போறப்ப பின்னல் கலையாம இருந்துச்சா? சீப்பு இல்லாம போட்டேனே, நிக்குமா நிக்காதான்னு நெனச்சுட்டே இருக்கேன்."

"இருந்துச்சு" என்றேன்.

"கார் வரைக்கும்?"

"கார் வரைக்கும்."

கவுன்சலர் என்ன கேட்கிறாள் என்றார். பின்னல் நின்றதா என்று கேட்கிறாள் என்று சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் மலாயில் சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பாப்பா ஆற்றுத் தண்ணீர் பற்றிச் சொன்னதை, பூனை பற்றிச் சொன்னதை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொடர்ந்து பேசினாள். கவுன்சலர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வெகுநாள் கழித்து என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே நின்றேன்.